தொழிற்சாலையின் முதல் சைரன்

மருதமுனைக் கடற்கரையில் மீன்வாடிகள் இருந்த இடத்தில் ஆடைத் தொழிற்சாலை எழும்பியபோது ஊரே சந்தோசப்பட்டது. ஜெனூபா மட்டும் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. சுனாமியில் மூத்த மகனைப் பறிகொடுத்தவள் அவள். மிஞ்சிய ஒரே மகள் பஸ்னாவுக்கு அங்கேதான் வேலை கிடைத்திருந்தது.

முதல் நாள் காலை பஸ்னா போன கொஞ்ச நேரத்தில் சைரன் அலறியது. இந்தக் கரையில் சைரன் என்றால் சுனாமி எச்சரிக்கைதான். "கடல் வருகுது, ஓடுங்க!" என்று யாரோ கத்த, தெருவே வயல் பக்கம் ஓடியது. ஜெனூபா கடலைப் பார்த்து ஓடினாள்.

"ராத்தா, அங்கால எங்க போறீங்க? மௌத்தாகவா? கடல் உசிரக் கொண்டு போயிடும்!" பக்கத்து வீட்டுச் சுல்பிகா கையைப் பிடித்து இழுத்தாள்.

"உடுடி! என்ட புள்ள அங்க நிக்கிறா!"

தொழிற்சாலை வாசலுக்கு வந்தபோது காலில் செருப்பும் இல்லை, நெஞ்சில் மூச்சும் இல்லை. கடல் தன்பாட்டில் கிடந்தது. பஸ்னா ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள்.

"உம்மா, அது வேலை தொடங்கிற சைரன்! இனி ஒவ்வொரு நாளும் அடிக்கும்."

"ஒவ்வொரு நாளுமா?" ஜெனூபா அப்படியே மணலில் குந்திவிட்டாள்.

அடுத்த மாதமே அவளும் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். சைரன் அடிக்கையில் இன்றும் முதலில் கடல் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பாள். ஆனால் மகள் அடுத்த மெசினில்தான் இருக்கிறாள்; எட்டிப் பிடித்துக்கொள்ளலாம்.