ஓஸ்வால்ட் சித்தப்பா விட்டுக்கொடுத்த கால்சியம்

ஓஸ்வால்ட் சித்தப்பாவின் நெஞ்சு சுண்ணாம்பாகிவிட்டது என்று காக்ஸ் டவுன் கோயில் வாசலில் பேசிக்கொள்கிறார்களாம். ஐரின் ஆன்ட்டி அதைக் கேட்டு, மெல்போர்னில் இருக்கும் தன் மகளுக்குச் சொல்ல, அவள் எனக்குச் சொன்னாள். செய்தி என்னிடம் வந்து சேர்வதற்குள் அவருடைய பாதி இதயம் கல்லாகியிருந்தது.

பதறிப்போய் பிரிஜெட் சித்தியைக் கூப்பிட்டேன். விஷயம் அவ்வளவு இல்லை, ஆனால் இல்லாமலும் இல்லை. படியேறினால் மார்பு இறுகுகிறது. ஸ்கேனில் இதயத்து ரத்தக்குழாய்களில் கால்சியம் நிறையப் படிந்திருந்தது. ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டும், அதுவரை கனம் எதுவும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர்.

சித்தப்பா ஃப்ரேசர் டவுனில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து சீட்டில் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே சிகரெட் புகையை விட்டபடி, "பயப்படாதே, நான் இருக்கேன்" என்பார். டாக்டர் சொன்னதில் அவர் காதில் நின்றது ஒரே ஒரு சொல்தான்.

"தவக்காலத்துக்குக் கால்சியத்தை விட்டுட்டேன் மகளே," என்றார் போனில். "பால் இல்ல, தயிர் இல்ல, ராகி மால்ட்கூட இல்ல."

"பன்னிக்கறி?"

"அதுல கால்சியம் ஏது?"

பின்னால் சித்தியின் குரல்: "கேளும்மா! ஊரெல்லாம் கறிய விட்டா, இந்த மனுஷன் மோர விட்டாரு. சிகரெட்ட மட்டும் மாடியில மறைஞ்சு நின்னு பிடிக்கிறாரு!"

பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். குழாயின் சுவருக்குள் கொழுப்பு புகுந்து புண்ணாகிறது. அங்கே செல்கள் செத்து விழுகின்றன. மிச்சமிருக்கும் செல்களில் சில, தாங்கள் இருப்பது எலும்பில் என்று நினைத்துக்கொண்டதுபோல் கால்சியத்தைப் படிய வைக்கின்றன. புகையும் ரத்த அழுத்தமும் அந்தப் புண்ணை ஆறவிடுவதில்லை. கால்சியம் அங்கே வருவது வியாதி பழசாகிவிட்டது என்பதற்கு அடையாளம்.

"அப்ப நான் மோர் குடிக்கலாமா?" என்றார்.

"குடிங்க. மாத்திரையும் போடுங்க. ஆஞ்சியோ என்னைக்கு?"

"ஈஸ்டர் முடியட்டும்."

ஏன் என்று எனக்குத் தெரியும். பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை ஊர்வலத்தில் முன்னால் மரச்சிலுவையைத் தூக்கிப்போவது அவர்தான். கோயிலில் வேறு யாரும் அதைத் தொட்டால் அவர் முகம் தொங்கிவிடும்.

"பக்கத்து வீட்டு டிரேவர்கிட்ட குடுங்க சித்தப்பா. ஜிம்முக்குப் போற ஆளு."

"அவனா? பஸ் ஸ்டாப் தாண்டுறதுக்குள்ள கோணலாப் பிடிப்பான்."

"கோணலாப் போனாப் போகுது. நீங்க விழுந்துட்டா?"

பின்னாலிருந்து சித்தி அவரை அதட்டுவது கேட்டது. பிறகு, "சரி, குடுத்துடறேன் மகளே. ப்ராமிஸ்," என்றார். எனக்குச் சந்தோஷம், முழு நம்பிக்கையில்லை.

இன்று பெரிய வெள்ளி. சற்று முன் சித்தி கூப்பிட்டாள். "வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு சீக்கிரமே கெளம்பிட்டாரு. சும்மா கூட நடக்கத்தான்னு சொன்னாரு. என் மூட்டுவலியில நான் எங்க பின்னாடி ஓடுறது? வெயில் வேற கொளுத்துது."

டிரேவரைக் கூப்பிட்டேன். எடுத்தான். பின்னால் ஜெபமும் பாட்டும் கேட்டன. "சிலுவை உன்கிட்டதானே இருக்கு?" என்றேன்.

"இல்ல அக்கா, அங்கிள் அதைத் தூக்கிக்கிட்டு முன்னால போயிட்டாரு. நான் பின்னால ஃபாதருக்குக் குடைதான் பிடிக்கிறேன்."

"அவர்கிட்ட போனைக் குடு!"

"கூட்டத்துல நுழைய முடியல அக்கா. நீங்களே அவருக்குப் போடுங்க, பாக்கெட்டுல வச்சிருக்காரு."

போட்டேன். மணி அடித்துக்கொண்டேயிருக்கிறது.