மௌசுமியின் பின்மண்டைத் துடிப்பு

இன்று மயக்க மருந்து நர்சிங் வகுப்பில், தீராத தலைவலிக்காரர்களுக்கு நரம்பை மரக்கச் செய்யும் ஊசியை ரப்பர் தலையில் போட்டுப் பழகினோம்.

பின்மண்டையில் அந்த நரம்பை ஒட்டியே ரத்தக்குழாயும் ஓடுகிறது. நான் குத்தியதும் சிரிஞ்சுக்குள் சிவப்புத் தண்ணீர் ஏறியது. ஊசி ரத்தக்குழாயில் இறங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி மௌசுமி தன் கூந்தலை விலக்கினாள். "அரே, இங்க தொட்டுப் பாரு."

விரலுக்கடியில் ரத்தக்குழாய் துடித்தது.

"என் தலைவலிக்கும் இதுக்குப் பக்கத்துலதான் இந்த ஊசியப் போட்டாங்க. அன்னிக்குத்தான் ரொம்ப வருஷத்துக்கப்புறம் ஜன்னலைத் திறந்து வெச்சு வெளிச்சத்துல உக்காந்தேன்."



ரப்பர் தலையிலும் துடிப்பைத் தேடிப் பிடித்து, சற்றுத் தள்ளிக் குத்தினேன். சிவப்பு ஏறவில்லை.

டாலிகஞ்ச் மெட்ரோவில் திரும்பும்போது, முன்னால் நின்றவர்களின் பின்மண்டைகளையே வியந்து பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பெரியவர் திரும்பி முறைத்தார்.

அவரிடம் நான் என்னதான் சொல்லியிருக்கலாம்?