அட்மின் அண்ணே

காலை ஐந்தே முக்கால் மணிக்குக் கவரப்பேட்டைச் சாலையோரத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் பெண்களின் வரிசையில் கடைசி ஆளாக நின்று, கைப்பேசியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருப்பாள் ஹெலன். மூக்குக்கண்ணாடி நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கும். அதை மூக்கில் மாட்ட மாட்டாள். மடித்தபடியே எடுத்து, பூதக்கண்ணாடி மாதிரி திரைக்கு மேல் பிடித்துக்கொள்வாள். உதடு மட்டும் அசையும். அக்கா ஜெபம் பண்ணுகிறாள் என்று பக்கத்தில் நிற்பவர்கள் மரியாதையாக ஒரு அடி தள்ளி நிற்பார்கள்.

அருகில் போய்க் காதைக் கொடுத்தால்தான் தெரியும். "இவன் நல்லவன். இவன் குடிச்சிருக்கான். இவன் பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்கினு வந்து இங்க வீரம் காட்டுறான். ரிஜெக்ட்டு."

அவள் படிப்பது வேதம் இல்லை, ஊர்வம்பு. முகநூலில் 'நம்ம கும்மிடிப்பூண்டி' என்று ஒரு குழு இருக்கிறது. நாற்பத்தோராயிரம் பேர். மீஞ்சூர் பக்கம் சிக்னல் கோளாறு, லோக்கல் ரயில் நகரவில்லை. நாளை ரெட்டம்பேடு ரோட்டில் மின்தடை. யாரோ பர்ஸைத் தொலைத்தார்கள், யாரோ கண்டெடுத்தார்கள். யார் எதை எழுதினாலும் அட்மின் அனுமதித்தால்தான் அது ஊர் கண்ணில் படும். அந்த அட்மின் ஹெலன்தான். குழுவைத் தொடங்கிய விமல் அவளுடைய கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தவன். ஆறு வருடங்களுக்கு முன் துபாய்க்குக் கிளம்பும்போது, "தப்பக் கண்டுபுடிக்கிற கண்ணு உங்களுக்குத்தான்கா இருக்குது" என்று சொல்லிப் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனான்.

அட்மினின் முகத்துக்குப் பதிலாக அங்கே ரயில் நிலையத்துப் பெயர்ப் பலகையின் படம் இருக்கும். எழுதுகிறவர்கள் எல்லோரும் முதல் நாளிலிருந்தே "அட்மின் அண்ணே" என்றார்கள். அவள் திருத்தவில்லை. "பொம்பளைன்னு தெரிஞ்சா, ரூல்ஸ் சொன்னா எவன் கேப்பான்? மொதல்ல சாப்ட்டியாம்பான், அப்பால நம்பர் கேப்பான்" என்பாள் கணவர் மோசஸிடம். இந்த ரகசியம் அவருக்கும் விமலுக்கும் மட்டுமே தெரியும்.

இந்த வேடத்தால் அவளுக்கு ஒரு தண்டனையும் கிடைத்தது. ஆண்கள் ஆண்களிடம் மட்டும் பேசுவதையெல்லாம் அவள் கேட்க வேண்டியிருந்தது. "அண்ணே, நீங்க ஆம்பள, உங்களுக்குப் புரியும்" என்று தொடங்கி இன்பாக்ஸில் வரும் செய்திகளைப் படித்துவிட்டு அவள் நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவுவாள்.

தேர்வாய் கண்டிகையில் ஒரு ரப்பர் கம்பெனியில் பதினெட்டு வருடங்களாக வாசர் என்னும் சின்ன ரப்பர் வளையங்களைச் சோதிப்பது அவள் தொழில். ஒரு தட்டில் ஐந்நூறு வாசர். ஐந்நூறையும் பார்ப்பதற்கு ஆண்டவனுக்கே நேரம் போதாது. மேலே ஒன்று, அடியில் ஒன்று, நடுவில் மூன்று எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் நெருடுவாள். ஐந்தும் சுத்தமாக இருந்தால் தட்டு முழுவதும் பாஸ். அவள் பாஸ் போட்ட தட்டு ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. ஆனால் குழுவுக்கு வருகிற பதிவு எதையும் அவள் அப்படிப் படிக்காமல் பாஸ் போட்டதில்லை. எழுத்துப் பிழையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். அம்மாவை இழுத்தால் ரிஜெக்ட். சாதிப் பெயர் சொன்னால் ரிஜெக்ட். கேட்காமல் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டால் ரிஜெக்ட், கூடவே ஒரு மாதம் வாய்ப்பூட்டு.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையை வேலைக்கு வந்த பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். நர்மதா, இருபத்து மூன்று வயது, ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஆந்திர எல்லையோரக் கிராமம். அப்பாவை 'நைனா' என்றுதான் சொல்வாள். ஹெலன் அவளை வாடகைக்கு இருக்கிறவள் என்று யாரிடமும் சொல்ல மாட்டாள். "எங்க ஊட்டுப் பொண்ணு" என்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து திரும்பியதும் முதல் தட்டு கறிச்சோறு பின்னறைக்குத்தான் போகும்.

மாசி மாதத்தில் நர்மதா வேலை பார்த்த பக்கத்துத் தொழிற்சாலையில் தகராறு முளைத்தது. மேற்பார்வையாளன் ஒருவன் ஒரு பெண்ணின் மேல் கை வைத்தான். புகார் சொன்ன பெண்ணையே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அறுபது பெண்கள் வாசலில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். அவளைத் திரும்ப எடுக்க வேண்டும், சட்டப்படி புகார்க் குழு அமைக்க வேண்டும், கம்பெனி பஸ் விடுதி வாசல்வரை வர வேண்டும் என்று கேட்டார்கள். மைக்கைப் பிடித்துப் பேசியவள் நர்மதா.

நான்காம் நாள் எதிர்ப் பக்கத்தில் பைக்குகள் வந்து நின்றன. 'பண்பாட்டுக் காவல் படை' என்று பேனர். "பெண்ணியம் வந்தால் குடும்பம் போகும்" என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். வெளிநாட்டுப் பணம், மதம் மாற்றும் கூட்டம், கல்யாணம் ஆகாதவர்களின் திமிர் என்று நாளுக்கொரு பழி. வாசலில் கத்தியது போதாமல் குழுவுக்குள்ளும் கூட்டமாக நுழைந்தார்கள். அவர்களின் தலைவன் மணிகண்டன் தேன் ஒழுகப் பேசுகிறவன். "அண்ணே, கெட்ட வார்த்த ஒண்ணு இருந்தா என்னைச் செருப்பால அடிங்க. கருத்து சொல்றதுக்கு எங்களுக்கும் உரிமை இருக்குதுல்ல? மிஷனரி காசுல ஆடுறாளுங்கண்ணே. நம்ம ஆம்பளைங்க சும்மா இருந்தா எப்டி?" என்று இன்பாக்ஸில் எழுதினான்.

மிஷனரி என்ற வார்த்தையை ஹெலன் இரண்டு முறை படித்தாள். பிறகும் நியாயம் பிறழாமல், வரம்பு மீறாததை அனுமதித்தாள், மீறியதைத் தள்ளினாள்.

அந்த ஞாயிறு, குழம்பைப் பிசைந்துகொண்டே நர்மதா பொரிந்து தள்ளினாள். "யாருக்கா அந்த அட்மினு? கைல கெடச்சான், அவ்ளோதான். நாங்க போடுறதையும் உட்றான், அவனுங்க போடுறதையும் உட்றான். ரெண்டுங்கெட்டான்."

"அவனுக்கு இன்னா பேஜாரோ" என்றாள் ஹெலன், இன்னொரு துண்டு கறியைத் தேடி எடுத்துப் போட்டபடி.

"நீ இன்னாக்கா அவனுக்கு சப்போட்டு? மாமன் மொறையா?"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மோசஸுக்குப் புரையேறியது. மூவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மறுநாள் தேநீர் இடைவேளை பத்து நிமிடம். ஹெலன் லாக்கரிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் காத்திருந்தன. "ஏன் எங்க பதிவ நிறுத்துற?" என்று இரு தரப்பும் இன்பாக்ஸில் திட்டிக்கொண்டிருந்தன. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மணியடிக்க மூன்று நிமிடம். பதினெட்டு வருடப் பழக்கம் விரலுக்கு வந்துவிட்டது. மேலே ஒன்றைப் பார்த்தாள்: 'போராடும் சகோதரிகளுக்கு வணக்கம், வீடு திரும்புங்கள்.' அடியில் ஒன்று: 'நாலு மணி லோக்கல் எத்தனாவது பிளாட்பாரம்?' நடுவில் மூன்று. ஐந்திலும் குறை இல்லை. 'அனைத்தையும் அனுமதி' என்பதை அழுத்தினாள். மணி அடித்தது. கைப்பேசி லாக்கருக்குள் போயிற்று. வேலை நடக்கும் லைனுக்குள் கைப்பேசிக்கு இடம் கிடையாது.

நான்கு மணி நேரம் கழித்து லாக்கரைத் திறந்தபோது, அந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று ஊரெல்லாம் பரவியிருந்தது. மைக்கோடு நிற்கும் நர்மதாவின் முகம். அவள் கைப்பேசி எண். அப்பா பெயர், கிராமத்தின் பெயர். கீழே ஒரு வரி: 'இவள் ராத்திரி யாரோடு சுற்றுகிறாள் என்று பெற்றவனுக்குத் தெரியுமா?' ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். ஹெலன் அழித்தாள். மணிகண்டனையும் அவன் ஆட்களையும் குழுவைவிட்டு நீக்கினாள். கொட்டிய பாலை விரலால் அள்ளுகிற கதைதான். நீக்குவதற்கு முன்பே அவனிடமிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது. "நன்றிண்ணே. ஆம்பளைக்கு ஆம்பள செஞ்ச உதவி. மறக்க மாட்டோம்."

அன்று அவள் கம்பெனிக் குழாயடியில் முகம் கழுவியது அரைமணி நேரம். பஸ்ஸைக்கூடத் தவறவிட்டாள்.

தெரியாத எண்களிலிருந்து நர்மதாவுக்கு வந்த அழைப்புகளை எழுதக் கை கூசுகிறது. மூன்றாம் நாள் அவள் கைப்பேசியை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். தார்ப்பாயின் கீழ் அறுபது பேர் பதினான்கு ஆனார்கள். மீதிப் பேரின் அப்பாக்களும் அண்ணன்களும் வந்து அழைத்துப் போனார்கள். இருந்த பதினான்கு பேரும் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். போலீஸில் மனு கொடுத்தாயிற்று. வாங்கி வைத்தார்கள்.

"சொல்லிடட்டுமாய்யா?" என்று ஹெலன் கணவரிடம் கேட்டாள். அடுப்பு எரியவில்லை. அரிசி ஊறிக்கொண்டே இருந்தது.

"சொல்லி இன்னா ஆவப்போது?" என்றார் மோசஸ். "அந்தப் புள்ள மனசுல நீ ஒருத்தியாவது நல்லவளா இருந்துட்டுப் போ. அப்பறம் உன் பேரும் வெளிய வரும். உன் மூஞ்சியையும் போடுவானுங்க. கிறிஸ்தவச்சின்னு வேற தெரிஞ்சா சும்மா உடுவானுங்களா? வாய மூடிக்கினு இரு ஹெலனு, உனக்குப் புண்ணியமாப் போவும்."

பத்தாம் நாள் நர்மதாவின் நைனா பச்சையப்பன் வந்தார். நடவு நேரத்தில் வயலை விட்டுவிட்டு வந்திருந்தார். மகளை அடிக்கவில்லை, திட்டவில்லை. பின்னறை வாசலில் குந்தி உட்கார்ந்து, "துணிமணி எடுத்து வெய் தாயி" என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, வைகாசியில் கல்யாணம் என்பது நர்மதா ஹெலனின் தோளில் விழுந்து அழுதபோதுதான் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு வயது. 'இந்தப் படத்தைப் பார்த்த பிறகும் கட்டிக்கிறேன்னு சொன்னாரே, பெரிய மனசு' என்று ஊரே மெச்சுகிறதாம்.

கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்தில் ஊத்துக்கோட்டை வண்டி நின்றிருந்தது. நர்மதா ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி இடுக்கு வழியாக ஹெலனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விட மனமில்லாத பிடி. "அக்கா, நீ மட்டும் இல்லன்னா நான் எப்பவோ ரயில்ல உழுந்திருப்பேன்" என்றாள்.

கீழே நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பச்சையப்பன், பத்து நாட்களாக அடக்கி வைத்திருந்ததைச் சன்னக் குரலில் கேட்டார்.

"நாலு பேரு போனத் தூக்கினு வந்தாங்கம்மா. என் பொண்ணு படத்த என்கிட்டயே காட்டி, இது யாருன்னு கேக்குறானுங்க. போட்டவன் எவனோ போட்டான். ஆனா அத ஊருக்கு உட்டவன் ஒருத்தன் இருக்கானாமே, அட்மினாம். படிச்சிட்டுத்தான் உடுவானாம். அந்த ஆளுக்குப் பொம்பளப் புள்ள இல்லியாம்மா?"

"இல்லண்ணே" என்றாள் ஹெலன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மோசஸ் சொன்னது காதில் ஒலிக்கத்தான் செய்தது. டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். இன்னும் இரண்டு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால், அந்தப் பெண் அவளை நல்லவளாக நினைத்தபடியே போயிருப்பாள்.

"நான்தாண்ணே அது. எல்லாரும் ஆம்பளன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. நான்தான். அன்னிக்கி எல்லாத்தையும் படிக்கல. அஞ்ச மட்டும் படிச்சிட்டு மொத்தத்தையும் உட்டேன்."

பச்சையப்பன் மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, படியேறி உள்ளே போய் உட்கார்ந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

ஹெலன் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். நர்மதா அழவில்லை. எங்கோ நேராகப் பார்த்தபடி, ஹெலனின் கையைச் சுற்றியிருந்த தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டாள்.