வாட்ச்மேன் கோட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்போதெல்லாம் ஆயுத பூஜை அன்று மெஷினுக்குப் பொட்டு வைப்பதோடு முதலாளிக்கு ஐஸ் வைப்பதும் நடக்கும். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பட்டறை ஷெட்டில் பூஜை முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் பொரிகடலை, ஒரு லட்டு, அதன் பிறகு முதலாளி வீட்டுப் பழைய துணிமணி. போனஸ் என்று எவனாவது வாயைத் திறந்தால் அந்தப் பழந்துணியும் கிடைக்காது. எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுஷன் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வோம். எதிரில் வந்தால் கும்பிடுவோம்.

எழுபதுகளின் தொடக்கம். நாங்கள் மண்ணூர்பேட்டையில் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். நான் முழுகாமல் இருந்தேன். அவர் லேத்தில் டெம்பரவரி. பூஜை கழிந்ததும் ஒரே ஒருத்தரைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள், அது இவர்தான் என்று பேச்சு. நிலையில்லாத வேலைக்காரனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று என் அப்பா போகிற இடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்த காலம். அந்த ஆர்டர் வந்தால்தான் நான் பிரசவத்துக்குத் தலைநிமிர்ந்து அம்மா வீட்டுக்குப் போக முடியும்.

அந்த வருஷம் பார்த்துத்தானா ஷெட் ஆட்களுக்கு நாடக ஆசை வர வேண்டும்? கதை இதுதான்: சாமி இன்றைக்குப் பிச்சைக்காரன் வேஷத்தில் வரும் என்று ஒரு கஞ்சப் பணக்காரன் கேள்விப்படுகிறான். எவன் சாமியோ என்ற பயத்தில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சோறு போட்டுத் திண்டாடுகிறான். பக்கத்துக் குடிசை ஆப்பக்காரியோ சாமி கணக்கெல்லாம் பார்க்காமல் தன் பங்கை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். ஆப்பக்காரி வேஷத்துக்கு ஒரு ஃபிட்டர் மீசையை எடுத்துவிட்டு நின்றார். கஞ்சன் வேஷம் இவருக்கு. வேண்டாம், வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கிற ஆளா அவர்?

பூஜை அன்றைக்குப் பட்டணத்து வாடகைக் கடையிலிருந்து வந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தால் கிரீடமும் கதாயுதமும் இருந்தன. யாருடைய புராண நாடகத்துக்கோ போக வேண்டிய பெட்டி. கஞ்சன் போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. கேட்டில் நின்ற வாட்ச்மேன் பெரியவர்தான் தன் கோட்டைக் கழற்றி, "இத்தப் போட்டுக்க நைனா, ஜம்முனு இருப்பே" என்று கொடுத்தாராம்.

அந்தப் பழுப்புக் கோட்டு போன வருஷப் பூஜையில் முதலாளி அவருக்குக் கொடுத்தது. ஒரு வருஷமாக வாட்ச்மேன் உடம்பிலேயே பார்த்துப் பழகிவிட்டதால், அதற்கு முன்னால் அதை யார் போட்டிருந்தார் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

சாயங்கால வெயில் தணிந்தபோது, பேக்கிங் பலகையில் கட்டிய மேடையில் திரை விலகியது. முன்வரிசையில் முதலாளியும் அவர் மனைவியும், அக்கம்பக்கத்து ஷெட் முதலாளிகளும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையும் மூக்குக் கண்ணாடியுமாக இவர் வந்து நின்றார். அதற்குமேல் அது வாட்ச்மேன் கோட்டாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, பாக்கெட்டில் கட்டைவிரலைச் செருகிக்கொண்டு முதலாளி நிற்பது போலவே பின்பக்கம் சாய்ந்து நின்றார். வேண்டுமென்று செய்யவில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். பின்னால் ஒருவன் சிரித்தான். இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். அப்புறம் சட்டென்று அடங்கிவிட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து முதலாளியின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. மேடையில் இவர் கோட்டுக் கையை ஒருமுறை குனிந்து பார்த்தார். புரிந்துவிட்டது. வசனம் நின்றுபோய், ஆப்பக்காரி எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு கஞ்சன் செய்த ஒவ்வொரு அழும்புக்கும் ஜனங்கள் முதலில் முதலாளியைப் பார்த்தார்கள், பிறகுதான் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்தார்கள். சிரிப்பு நாடகம் எப்போது முடியும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டேன்.

ஒரு வழியாக முடிந்ததும் முதலாளி மேடையேறினார். கஞ்சன் வேஷக்காரருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். கையில் வாங்கிய பொன்னாடையோடு இவரை மேலும் கீழும் பார்த்து, கோட்டுக் காலரைத் தொட்டுத் திருப்பினார். "இது என் கோட்டு" என்றார் மைக்கில். "என் கோட்டே இவன் தோள்ல இருக்கும்போது பொன்னாடை எதுக்கு?"

முன்வரிசை சிரித்தது. அவர் பொன்னாடையை மடித்துக் குமாஸ்தாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

இவர் கோட்டைக் கழற்றினார். உள்ளே பொத்தல் பனியன். கோட்டை மடித்து இரண்டு கையாலும் நீட்டினார். "அய்யா, உங்க கோட்ட நீங்களே எட்த்துக்குங்க. எனுக்கு வேலய மட்டும் பர்மனென்ட் பண்ணிக் குடுங்க, போதும்."

மைக் அதையும் ஊருக்கே சொல்லிவிட்டது. முதலாளி தன் மனைவியைப் பார்த்தார், பக்கத்து ஷெட்காரர்களைப் பார்த்தார். "சரி, ஆகட்டும்" என்றார். கைதட்டலில் மேடைப் பலகை அதிர்ந்தது. நான் அழுதுவிட்டேன். கோட்டை மடித்துக் கைமேல் போட்டுக்கொண்டு முதலாளி இறங்கிப் போனார். அந்தச் சந்தோஷத்தில் கேட்டுப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆர்டர் வந்தது. பின்னாலேயே ஐப்பசி மழையும் வந்தது. ஒரு மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரோடு போனேன். வாட்ச்மேன் கோணிப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடுங்கி நின்றார். அன்று சாயங்காலம் வீட்டில் நான் ஆடித் தீர்த்துவிட்டேன். அது பெரியவர் கோட்டு, யாரைக் கேட்டுத் தூக்கிக் கொடுத்தாய், போய்த் திருப்பி வாங்கி வா என்றேன். அவர் தட்டைவிட்டுத் தலை தூக்கவில்லை. "கேட்டா இன்னா நெனச்சிக்குவாரு? இப்பத்தான் ஆர்டரே வந்துகீது. கொயந்த பொறக்கப் போற நேரத்துல சும்மா இரு."

மறு வாரமும் மழை. நான் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முதலாளியின் கார் வந்தது. உள்ளே தண்ணீர் தேங்கியிருந்ததால் கேட்டிலேயே இறங்கினார். மேலே அதே பழுப்புக் கோட்டு. வாட்ச்மேன் சொட்டச் சொட்டக் கேட்டைத் திறந்து சலாம் வைத்தார். முதலாளி உள்ளே போய்விட்டார்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, புள்ளத்தாச்சிப் பொண்ணு, மயைல நனஞ்சிகினு நிக்கிறியே" என்று தன் கோணியை எடுத்து என் தலையில் கவிழ்த்துவிட்டு, கேட்டைச் சாத்தப் போனார்.