மாத்தாள் ஏறாத கதை

எங்கள் அலுவலகத்தில் மீனவர் என்றால் தூண்டிலோடு நிற்பவர். அப்படித்தான் ஒரு படத்தை இணையத்திலிருந்து இறக்கிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். வெள்ளைத் தாடி, பளிச்சென்ற சிரிப்பு, கையில் தூண்டில். அவருக்குக் கீழே நான் எழுதிய சினாரியோ. அந்தச் சுவரை இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சினாரியோ என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு மென்பொருளைக் கட்டும் முன், அதைப் பயன்படுத்தப் போகிறவர் என்னென்ன செய்வார் என்று கதையாக எழுதுவது. அந்தக் கதையை வரிவரியாகப் பிரித்தால் மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பது கிடைக்கும். கதையில் இல்லாதது மென்பொருளிலும் இருக்காது. கதை எழுதும் வேலை என்னுடையது.

ஜெகதாப்பட்டினத்துப் படகு உரிமையாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு செயலி கேட்டிருந்தார்கள். கடலுக்குக் கிளம்பும் படகு அனுமதி டோக்கன் எடுக்க வேண்டும். யார் யார் போகிறார்கள் என்ற பட்டியலும் அதோடு வேண்டும். அதுவரை எல்லாம் நோட்டில் நடந்தது. "நீ புதுக்கோட்டைக்காரன்தானே, உனக்குத் தெரியாததா?" என்று மேனேஜர் என்னைத் தள்ளிவிட்டார். நான் கந்தர்வக்கோட்டைக்காரன். முந்திரிக் காட்டில் வளர்ந்தவன். கடலைப் பார்த்ததே பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான். அதைச் சொல்லாமல் தலையாட்டினேன்.

இரண்டு நாள் துறைமுகத்தில் நின்றேன். உரிமையாளர்களைக் கேட்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றார்கள். பக்கத்தில் இறால் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அக்காதான் அதைக் கேட்டுச் சிரித்தார். அவருடைய வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்.

"பட்டியல்ல இருக்கவருதான் போவாருன்னு யாரு தம்பி சொன்னது? காலையில ஒருத்தருக்குக் காய்ச்சலா இருக்கும், ஒருத்தரு வீட்டுல விசேசம் இருக்கும். கரையில தூக்குவாளியோட நிக்கிறவர டிரைவரு கையக் காட்டிக் கூப்புடுவாரு. அவரு ஏறிக்கிருவாரு. மாத்தாளு ஏறாம எத்தன நாளு படகு போயிருக்கு?"

"அப்ப நோட்டுல இருக்கிற பேரு?"

"பேனாவுல அடிச்சிட்டு மேல எழுதிக்கிருவாக. அதுக்கென்ன?"

அவர் கண் முன்னாலேயே அதை எழுதிக்கொண்டேன். என் விசிட்டிங் கார்டு ஒன்றையும் பெருமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சென்னையில் உட்கார்ந்து இரண்டு சினாரியோ எழுதினேன். முதலாவதில் உரிமையாளர் ஐந்து பெயர்களைப் பதிவு செய்கிறார், டோக்கன் வருகிறது, படகு போகிறது. இரண்டாவதில் மாத்தாள் ஏறுகிறார். இரண்டையும் வண்ணச் சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். மேனேஜர் இரண்டாவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கதை நேரா போகணும்பா. இது எப்பவாவது நடக்கிறது. 'பிறகு பார்க்கலாம்' வரிசையில போடு."

எப்பவாவது! மீன் வைக்கும் ஐஸ் பெட்டியை விளம்பரத்தில் மட்டும் பார்த்த மனிதர் சொல்கிறார். துறைமுகத்தில் நின்றவன் நான். அன்றாடம் நடக்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஊருக்குப் பஸ் டிக்கெட் எடுத்திருந்தேன். வாயைத் திறந்தால் கூட்டம் இன்னும் ஒரு மணி நேரம் இழுக்கும். அந்தச் சீட்டை நானே உரித்து, மூலையில் இருந்த அந்த வரிசையில் ஒட்டினேன். அதோடு விட்டேனா? டோக்கன் வந்த பிறகு பட்டியலை மாற்ற முடியாது என்று ஒரு விதியும் சேர்த்தேன். சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். பல்லை இளித்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

சில மாதம் கழித்து, நான் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது அந்த அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, அக்கரை நேவிக்காரவுக படகப் புடிச்சுட்டுப் போயிட்டாகளாம். ஒங்க ஆப்புலருந்து பேரெல்லாம் வந்துருக்கு. எங்க வீட்டுக்காரரு பேரு இல்ல தம்பி. மாத்தாளா ஏறுனாரு. கொஞ்சம் மாத்திவிட முடியுமா?"

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். டோக்கன் வந்த பட்டியலை யாராலும் திறக்க முடியாது என்றார்கள். மேனேஜர் நிதானமாக விளக்கினார். "செயலி சரியாத்தான் வேலை செய்யுது. அவங்கதான் சினாரியோப்படி நடக்கலை." போனைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த வாக்கியம் முழுக்க முழுக்க உண்மை, அதுதான் அருவருப்பு.

அறந்தாங்கி வழியாகப் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். பட்டியலில் ஐந்தாவதாக இருந்தவர் காய்ச்சலோடு வீட்டில் துண்டைப் போர்த்திக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவர் பிடிபட்டுவிட்டார் என்று நம்பி மாமியார் வீட்டு ஆட்கள் அழுதுகொண்டே வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். துறைமுகத்தில் ஐந்து குடும்பங்களின் பெயரில் மனு தயாராகிக்கொண்டிருந்தது. ஐந்தாவது கையெழுத்துக்குக் காய்ச்சல்காரரின் மனைவியைக் கூப்பிட்டார்கள். கணவன் வீட்டில் இருக்கிறார் என்று அவர் சொன்னதற்கு, செயலியில் இப்படித்தான் இருக்கிறது என்று மனு எழுதியவர் செல்போனைக் காட்டினார்.

அக்கா தள்ளி நின்றிருந்தார். "எங்க வீட்டுக்காரருதான் அந்த அஞ்சாவது ஆளுன்னு எல்லாரும் சொல்றாக. யாரு பாத்தா தம்பி? வெரட்டயில கடல்ல கிடல்ல விழுந்திருந்தா? நாலு பேருக்குத் தேடுறதுக்குப் பேரு இருக்கு. இவர எந்தப் பேரச் சொல்லித் தேடுவாக?"

பட்டியலை மாற்ற முடியாது என்று நான் எழுதிய அந்த ஒரு வரி அவருடைய கணவனைக் கரையிலும் இல்லாமல் கடலிலும் இல்லாமல் ஆக்கிவிட்டிருந்தது. எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

மத்தியானம் கடந்து, அக்கரையில் பிடித்துவைத்திருப்பவர்களின் பெயர்கள் போனில் வந்தன. படகு உரிமையாளர் ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னார். நான்கு பெயர் ஆனதும் ஒரு நிமிடம் சிக்னல் போய்விட்டது. திரும்ப வந்தபோது ஐந்தாவதாக அக்காவின் கணவர் பெயர்தான் வந்தது. அக்கா சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். உயிரோடு இருக்கிறார், அது போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள்.

அழுது முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"மாத்தாளு ஏறுவாகன்னு நான் அன்னைக்கே சொன்னேனே தம்பி. நீங்க எழுதுனீங்களே, பாத்தேனே. அது எங்கிட்டுப் போச்சு?"

"மேல இருக்கிறவங்க எடுத்துட்டாங்கக்கா" என்றேன்.

அவர் தலையாட்டினார். "நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். பஸ்ஸுல வந்த பசி மொகத்துல தெரியுது. வாங்க, ஒரு வாய் சாப்புட்டுப் போங்க" என்று என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போனேன், அவர் கணவனுடைய தட்டில் சோறு போட்டார், சாப்பிட்டேன்.