தலைக்கு மேலே ஆறு சட்டங்கள்

2024 ஜூலை 14, ஞாயிறு, பிற்பகல் மூன்று பத்து. வடமேற்குக் காற்று, சாய்ந்த மழை, பதினொரு பாகை குளிர்; இந்தத் தென்கோள நாட்டில் ஜூலைதான் குளிர்காலம்.

மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் தமிழ் ஆராதனைக்கு வாடகைக்குக் கிடைத்திருப்பது விக்டோரியா ராணி காலத்துச் சிறிய மரக் கோயில். யாழ்ப்பாணத்தில் நான் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் சுவர் மூன்றடிக் கல். ஷெல் விழுந்தபோது அதன் கூரைதான் முதலில் போனது. இங்கே சுவரே ஒரு அங்குலப் பலகை. செங்குத்தாக ஏறும் கூரையை, விரித்த கத்தரிக்கோல்போலக் குறுக்கிட்ட ஆறு மரச் சட்டங்கள் தாங்குகின்றன. பிரசங்கத்தின்போது அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது சட்டத்தில் ஊசித் துளைகள். கீழே வாங்கில், அந்த நீள மர இருக்கையில், வாராவாரம் உளுத்த மரத்தின் மா கிடக்கும். அது என் மனைவியின் இடம். ஊர் வழக்கப்படி பெண்கள் இடப்புறம், ஆண்கள் வலப்புறம். நான் எட்ட இருந்து பார்க்கத்தான் முடியும்.

"இடம் மாறி இரும்" என்று நான்கு முறை சொன்னேன்.

"தட்டிப்போட்டுத்தானே இருக்கிறன். உங்களுக்குப் பிட்டு அவிக்க அந்த மாவைச் சேர்த்துத் தரட்டே?"

அன்று இரண்டாம் பாட்டின்போது காற்று மோதியது. கூரை முனகியது. பிறகு வெடி வைத்ததுபோல் ஒரு சத்தம். நடைபாதையைக் கடந்து போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எழும்பும்! வெளியில வாரும்!"

"விடுங்கோப்பா, சனம் பாக்குது."

"ஐயாவுக்கு இந்த வயசிலதான் காதல் வந்திருக்கு, போ பிள்ளை" என்றார் பின்வரிசை வாங்கில் இருந்த அம்மா ஒருவர். பாட்டு சிரிப்பில் நின்றது. கூரை விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

கோயில்காரரிடம் அனுமதி வாங்கி, என் செலவில் கட்டடப் பரிசோதகர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் ஏணியில் ஏறி ஆறு சட்டங்களையும் தட்டிப் பார்த்தார். துளைகள் வெளித்தோலோடு சரி, உள்ளே வைரம் பாய்ந்த மரம் என்றார். பிறகு தரைக்கடியில் தவழ்ந்து போனார். வலப்பக்கச் சுவரைத் தாங்கும் அடிமரம் ஈரத்தில் இற்று, ஓரிடத்தில் பிளந்திருந்தது. அன்றைய சத்தம் அங்கேயிருந்துதான். அதற்கு நேர் மேலே என் வாங்கு.

திருத்தும்வரை அந்த மூலையைக் கயிறு கட்டி மறித்திருக்கிறார்கள். நான் வழக்கத்தை மீறி மனைவிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். "மா கொட்டும், பாத்து இருங்கோ" என்கிறாள். எனக்கு மேலே பார்க்க நேரமில்லை. பாதங்களை முழுதாக ஊன்றாமல் தரையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பரிசோதனைக்கு, வரி சேர்த்து, அறுநூற்றுத் தொண்ணூறு டொலர்.