கன்னையாவின் வெந்நீர்க் கணக்கு

சேதி வந்தபோது மணி மூன்றேகால். நேரம் தாட்சாயணிக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தக் கோடையில் நகரியில் மதியம் போகிற கரண்ட் மூன்று மணிக்குத் திரும்பும். அன்று கால் மணி தாமதம். மின்விசிறி சுற்ற ஆரம்பித்ததும் வாசலில் வண்டி ஒன்று வந்து நின்றது. மடியில் கிடந்த கோணியை நகர்த்தாமலே நிமிர்ந்து பார்த்தாள். கோவர்த்தனன். மாம்பழக்கூழ் ஆலையில் அவள் கணவன் கன்னையா பாய்லர் பார்க்க, கோவர்த்தனன் அதற்கு விறகு போடுகிறவன். காலில் செருப்பில்லாமல் வந்திருந்தான்.

“அண்ணி, அண்ணனுக்கு காலு கொஞ்சம் சுட்டுக்கிச்சி. திருப்பதிக்கு இட்னு போயிக்கிறாங்க. பயப்பட ஒண்ணுமில்ல.”

எலும்பு முறிந்தால் புத்தூர், காய்ச்சலுக்கு நகரியிலேயே ஊசி என்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். கால் கொஞ்சம் சுட்டதற்கு யாரும் யாரையும் திருப்பதிக்குக் கொண்டுபோவதில்லை.

“எங்க சுட்டுக்கிச்சி?”

“பின்னால குழியில.”

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அந்தக் குழியில் மணிக்கு எத்தனை லிட்டர் விழுகிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

கன்னையா நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் கூலி வேலை செய்தவர்களின் மகன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறினான். வெளிநாட்டுக்குக் கூழ் அனுப்பலாம் என்று சித்தூர்ப் பக்கம் ஆலைகள் முளைத்த வருஷங்களில், புத்தூரிலிருந்து சித்தூர் போகும் சாலையில் ரங்கையா என்பவர் ஒன்று தொடங்கினார். அங்கே விறகு போடப் போனான். நான்கு வருஷம் அடுப்பு வாயில் நின்றுவிட்டு, பாய்லர் பரீட்சை எழுதி, மூன்றாவது தடவையில் தேறினான். தபால்வழியில் பி.காம் படித்த தாட்சாயணியைப் பெண் பார்க்க வந்தபோது அதை அவனே சொன்னான். “மூணாவது தபா தான் பாஸு. பின்னால தெரிஞ்சி சண்டைக்கு வரக்கூடாது.”

ஆலை வருஷத்தில் எழுபது நாள் ஓடும். தோத்தாபுரி மாங்காய் லாரிகள் வாசலில் வரிசை கட்டும் வரைக்கும்தான். பாய்லரிலிருந்து நீராவி போய், கூழ் காய்ச்சும் கொப்பரைகளின் இரட்டைச் சுவருக்குள் புகுந்து, சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகிக் கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். அதைப் பின்பக்கம் ஒரு குழியில் விட்டு, ஆறியபின் கால்வாயில் திறந்துவிடுவார்கள். அதே நேரத்தில் முன்பக்கம் போர் தண்ணீரைப் பச்சையாக ஏற்றி மறுபடி காய்ச்சுவார்கள். பத்து வருஷமாக அப்படித்தான். யாருக்கும் உறுத்தவில்லை. கன்னையாவுக்கு உறுத்தியது.

“வீட்ல யாராவது வெந்நிய சாக்கடைல ஊத்திட்டு, பச்சத்தண்ணிய அடுப்புல ஏத்துவாங்களா, தாட்சா? ஒரு பைப்பு, ஒரு தொட்டி, ஒரு மோட்டாரு. குழிக்குப் போறது பாய்லருக்கே திரும்பிடும்.”

“எவ்ளோ மிச்சமாவும்?”

“எம்மாவோ ஆவும்.”

“எம்மாவோன்னு எழுதிக் குடுத்தா உங்க மொதலாளி சிரிப்பாரு. அளந்துனு வாங்க.”

அவன் அளந்தான். பதினைந்து லிட்டர் வாளி நிரம்ப ஐம்பத்து நான்கு வினாடி. அவன் சொன்ன வினாடிகளை அவள் லிட்டராக்கி, லிட்டரை விறகாக்கி, விறகை ரூபாயாக்கினாள். இருபது லோடு விறகில் ஒன்று மிச்சம். அறுபதாயிரம் ரூபாய்ப் பைப், இரண்டே சீசனில் போட்ட பணம் திரும்பும். அழகான கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள்.

சாயங்காலம் கன்னையா சட்டையைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

“படிச்சாரா?”

“படிச்சாரு. சத்தமா வேற படிச்சாரு. பக்கத்துல அவரு மச்சான் குந்தினு இருந்தாரு. யாரு எழுதனதுன்னாரு. என் சம்சாரம், பி.காம்னேன். ‘அப்டியா, உன் பி.காம் எங்க மச்சான் வூட்டு அடுப்ப அணைக்கப் பாக்குதே’ன்னாரு.”

“அவருக்கு இன்னா?”

“விறகு காண்டிராக்டே அவருதான்.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஒரு ஆலைக்கு மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் ஏற்கெனவே யாரோ ஒருவருடைய வருமானம் என்பதை பி.காம் பாடத்தில் எங்கேயும் படித்ததாக நினைவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு சீசன் போயிற்று. சீசனில் கேட்டால் “இப்ப பாய்லர நிறுத்த முடியுமா?” என்பார் ரங்கையா. சீசன் முடிந்து கேட்டால் “இப்ப ஓடவே இல்லியே, எதுக்குப் பைப்பு?” என்பார். அதற்குள் ஊரில் பாதிப் பேர் ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு பெரிய கம்பெனியில் கன்னையாவுக்கும் இடம் வந்தது. பாய்லர் வேலைதான், இரட்டைச் சம்பளம், வருஷம் முழுக்க.

“போலாமே,” என்றாள்.

“போலாம். இந்தப் பைப்ப போட்டு வெச்சிட்டு போலாம். இல்லன்னா அங்க குந்தினு இதையே நெனச்சிக்கினு இருப்பேன்.”

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. ஆலையின் இரண்டு போர்களும் மாங்காய் வரும் முன்பே வற்றின. ரங்கையா தண்ணீரை டேங்கரில் வாங்கினார், டேங்கர் முந்நூறு ரூபாய். தாட்சாயணி பழைய காகிதத்தை எடுத்து, விறகைக் கடைசி வரிக்குத் தள்ளிவிட்டு, தண்ணீரை முதல் வரியில் எழுதினாள். நாளைக்கு இரண்டு டேங்கர் மிச்சம். விறகையும் சேர்த்தால் ஒரே சீசனில் பைப் காசு வந்துவிடும். டேங்கர்காரர் ரங்கையாவுக்கு உறவில்லை என்பதை முதலில் விசாரித்துக்கொண்டாள்.

இந்தத் தடவை ரங்கையா சிரிக்கவில்லை. “எல்லா நேரமும் இவ்ளோ வருதாய்யா? காலைல, மத்தியானம், சாயந்திரம், ராத்திரி, நாலு வேளையும் அளந்து காட்டு. சரியா இருந்தா சீசன் முடிஞ்சதும் போட்டுடலாம்.”

அன்றிலிருந்து வீட்டில் கோணித் தையல். திரும்பி வரும் வழியில் வெந்நீர் ஆறாமல் இருக்க, பைப்பைச் சுற்றி உறை போட வேண்டும். ஒரு முழத்துக்கு ஒன்றாக நாற்பது உறை. இரண்டு கோணிக்கு நடுவில் பஞ்சு வைத்துத் தைத்தால் காசு மிச்சம் என்று கன்னையா சொன்னான். மாம்பழக் கோணிகளை அலசிக் காயவைத்துக் கொண்டுவந்தான். வீடே புளித்த மாம்பழமாக மணத்தது.

நான்கு வேளை அளவுகளும் வந்தன. மூன்று ஒத்துப்போயின. மதியத்தது மட்டும் எழுபது வினாடி.

“இது மட்டும் தப்பா இருக்குங்க. இன்னொரு வாட்டி பாத்துடுங்க,” என்றாள், காலையில், சோற்று டப்பாவை மூடிக்கொண்டே.

குழியின்மேல் இரண்டு கடப்பா கல் மூடியிருந்தது. வலது கல்லில் விரிசல். எல்லோருக்கும் தெரியும்; எல்லோரும் இடதில்தான் நிற்பார்கள். அன்று மதியம் வாளி நிறைந்து தூக்கும்போது அவன் கால் ஒரு அடி தள்ளி வலதில் பட்டது.

திருப்பதியில் அவள் போய்ச் சேர்ந்தபோது நினைவோடுதான் இருந்தான். இடுப்புவரை வெள்ளைத் துணி. அவளைப் பார்த்ததும் உதட்டை நனைத்துக்கொண்டான்.

“அம்பத்தி நாலு,” என்றான்.

“பேசாதீங்க.”

“நீ சொன்னது சரிதான். அன்னிக்கு ஒரு கொப்பரைய நிறுத்தி வெச்சிருந்தாங்க, நான் கவனிக்கல. இன்னிக்கு அம்பத்தி நாலு. எழுதிக்க.”

மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டான்.

இன்னொரு வாட்டி பார்க்கச் சொன்னது தான்தான் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாமியாரிடம் சொல்லவில்லை, மகள் ஹரிதாவிடமும் சொல்லவில்லை. பலர் வந்து விதி என்றார்கள். கேட்டுக்கொண்டாள். ஒரு அளவை விட்டுவிட்டாலும் கணக்கு நின்றிருக்கும். மூன்றே போதும். நான்கும் ஒத்துப்போக வேண்டும் என்று நினைத்தது பி.காம் படித்த அவளுடைய அழுங்குப்பிடி.

காரியம் முடிந்த மறுநாள் ரங்கையா வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஒரு கவரை நீட்டினார்.

“லட்சத்து இருபதாயிரம்மா. பாப்பா படிப்புக்கு வெச்சிக்க.”

தாட்சாயணி கவரை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான்கு கட்டம், நான்கிலும் எண்கள்.

“அவரு இதுல பாதிதான் கேட்டாரு, சார்.”

ரங்கையா நான்கு கட்டத்தையும் விரல் வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த சீசனுக்கு முன்னால் பைப் போட்டார்கள். குழியை மண் கொட்டி மூடினார்கள். மாங்காய் முடிகிற நாளில் கோவர்த்தனன் வந்து வாசலிலேயே நின்றான்.

“இருபது லோடுக்கு ஒண்ணு நிக்குது அண்ணி. டேங்கர் டெய்லி ரெண்டு கொறஞ்சி போச்சி. நீ எழுதன மாரியேதான்.”

“பைப்புக்கு உறை போட்டாங்களா?”

“மெட்ராசு கம்பெனி ஆளுங்க வந்தாங்க. பளபளன்னு தகரத்துலயே சுத்திட்டாங்க.”

கோணிகள் இப்போதும் பரண்மேல் இருக்கின்றன. நாற்பதில் இருபத்தாறு தைத்து முடிந்தது. இருபத்தேழாவதில் மூன்று பக்கம் தையல் ஆகியிருக்கிறது. நாலாம் பக்கத்தின் தொடக்கத்தில் கோணி ஊசி நூலோடு குத்தியபடி நிற்கிறது.